சத்திரசிகிச்சைக்குப் பின் எழுதித் தந்த நோக் குளிசை பழக்கமாகிவிட்டதா என்பதை எப்படி அறிவது?

உவர்மலை வாசகி:

எனது கணவர் திருகோணமலை நகரில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். நாற்பது வயதைக் கடந்தவர். இடுப்புப் பகுதியில் முள்ளந்தண்டு வட்டு விலகி நரம்பை அழுத்தியதால் இவ்வருடத் தொடக்கத்தில் கண்டியில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அது நல்லபடியாகவே முடிந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இழுத்துக்கொண்டிருந்த நோ போய்விட்டதாக இரண்டாம் வாரத்திலேயே அவர் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போது ட்ரமடோல் 50 மில்லிகிராம் குளிசையைக் காலையும் இரவும், பிரெகாபலின் என்ற நரம்பு நோக் குளிசையை இரவில் மட்டும் எடுக்கும்படியும், நோ குறையக் குறைய ட்ரமடோலை விட்டுவிடலாம் என்றும் எழுதித் தந்திருந்தார்கள்.

ஐந்து மாதங்கள் ஆகின்றன. இப்போது அவர் ஒரு நாளைக்கு ஆறு ட்ரமடோலுக்குக் குறையாமல் எடுக்கிறார் என்று நினைக்கிறேன். சரியான எண்ணிக்கையை என்னிடம் சொல்வதில்லை. பழைய மருந்துத் துண்டைப் படப்பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நகரில் ஒரு பாமசியிலும், உப்புவெளியில் இன்னொன்றிலும், ஓட்டம் கிடைத்துக் கிண்ணியாப் பக்கம் போனால் அங்கே வேறொன்றிலும் வாங்குகிறார். வண்டியின் பின் ஆசனத்துக்குக் கீழே வெற்றுக் குளிசை அட்டைகளைக் கண்டேன். கேட்டால், நோவைத் தாங்குவது நீயா நானா என்று கோபப்படுகிறார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு என்னோடு வந்து ஏற்றத்திலும் படிகளிலும் எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி இறங்குகிறார்.

கடந்த போயா விடுமுறையில் குளிசை முடிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே மூக்கால் நீர் வடிந்தது, அடிக்கடி கொட்டாவி விட்டார், உடம்பு வியர்த்து மயிர் சிலிர்த்தது, வயிறு குழம்பியது, இரவு முழுவதும் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் புரண்டார். டெங்குக் காய்ச்சலாக இருக்குமோ என்று நாங்கள் பயந்தோம், ஆனால் உடம்பு சுடவில்லை. யாரிடமோ வாங்கிய குளிசையை விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் எழுந்து குளித்துச் சாப்பிட்டார்.

பிரெகாபலின் குளிசைகளோடு இளைஞர்கள் கைதான செய்திகளைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. இவர் போதைக்காக எதையும் தொட்டவர் அல்ல. இது பழக்கம்தானா, அல்லது உண்மையிலேயே நோ ஆறவில்லையா? குளிசைகளை எடுத்து ஒளித்து வைப்பது சரியா? விபரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

உப்புவெளி, ஓய்வுபெற்ற தாதி:

மகள், நீங்கள் எழுதியவற்றுள் மிக முக்கியமானது அந்தப் போயா விடுமுறையில் நடந்ததுதான். மூக்கு வடிதல், கொட்டாவி, வியர்வை, மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், கால்களை அமைதியாக வைத்திருக்க முடியாமை ஆகிய அனைத்தும் ஒன்றாக வந்து, ஒரு குளிசையோடு ஒரு மணித்தியாலத்தில் மறைந்தன என்றால், அது காய்ச்சலும் அல்ல, சத்திரசிகிச்சையின் நோவும் அல்ல. ட்ரமடோல் மோர்பின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. வாரக்கணக்கில் அதற்குப் பழகிய உடம்பு, அது திடீரென்று கிடைக்காமல் போகும்போது இவ்வாறுதான் எதிர்வினை காட்டும். கடைசிக் குளிசைக்குப் பின் அரை நாள் முதல் ஒரு நாளுக்குள் இது தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாட்களில் அடங்கும்.

ஆனால் உடம்பு மருந்துக்குப் பழகிப்போவதும், மனம் அதற்கு அடிமைப்படுவதும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னையது வைத்தியர் சொன்னபடி ஒரு குளிசை கூடாமல் எடுத்தவருக்கும் வரும். அதில் குணக்கேடும் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. பின்னையதை அறிய, குளிசை எதற்காக எடுக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நோ வந்த பின் எடுக்கிறாரா, நோ வந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே எடுக்கிறாரா? மனம் சரியில்லாத நாளில், சண்டை நடந்த இரவில், தூக்கம் வராதபோது கூடுதலாக எடுக்கிறாரா? எண்ணிக்கை கூடிய அளவுக்கு அவருடைய நடமாட்டமும் வேலையும் கூடியுள்ளனவா, அல்லது குளிசை கூடக் கூட அவர் வீட்டிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் விலகிப்போகிறாரா? சத்திரசிகிச்சைப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆறிவரும் நோயாளியின் குளிசை குறைந்துகொண்டும் நடமாட்டம் கூடிக்கொண்டும் போகும். இவை இரண்டும் எதிர்த்திசையில் போகத் தொடங்கினால் உடனே கவனிக்க வேண்டும். உங்கள் கணவர் எண்ணிக்கையை மறைப்பதும், பல கடைகளில் வாங்குவதும், கேட்டால் கோபப்படுவதும் இந்த இரண்டாம் வகையின் அடையாளங்களாகவே எனக்குத் தெரிகின்றன.

நோ எங்கே என்றும் கேளுங்கள். பழைய இடத்தில், குனியும்போதும் பாரம் தூக்கும்போதும் வரும் நோ வேறு. அதிகாலையில் உடம்பெல்லாம் உளைந்து, குளிசை போட்டதும் போகும் நோ, முதல் நாள் இரவு எடுத்த மருந்து இறங்குவதால் வருவது. இந்த வகை மருந்துகளை நீண்ட காலம் கூடுதலாக எடுப்பவர்கள் சிலருக்கு நரம்புகள் முன்னரைவிடக் கூர்மையாக நோவை உணரத் தொடங்குவதும் உண்டு. அப்போது நோவைக் குறைக்க எடுக்கும் குளிசையே நோவைக் கூட்டும். ஆகவே அவர் நோகிறது என்று சொல்வதைப் பொய் என்று எண்ணாதீர்கள்.

பழக்கம் என்று முடிவுகட்டி உண்மையான சிக்கலைத் தவறவிடவும் கூடாது. காலில் புதிதாக வலுக்குறைவு, இரு தொடைகளுக்கும் இடையில் விறைப்பு, சிறுநீர் கழிக்க முடியாமை, தையல் போட்ட இடத்தில் வீக்கமோ நீர் வடிதலோ, காய்ச்சலோடு கூடிய முதுகு நோ ஆகியவற்றில் எது இருந்தாலும் கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

லிங்கநகர்:

எனது மைத்துனருக்கும் இதே நிலைமை ஏற்பட்டது. இருந்த குளிசைகள் எல்லாவற்றையும் கடலில் வீசிவிட்டு ஒரு வாரம் அறைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டோம். இப்போது நன்றாக இருக்கிறார். மனவுறுதி இருந்தால் போதும். ஒரே நாளில் நிறுத்திவிடுங்கள்.

கிண்ணியா மருந்தாளர்:

லிங்கநகர்ச் சகோதரர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆயினும் அந்த வழியை இந்தச் சகோதரி பின்பற்றக் கூடாது என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மோர்பின் குடும்பத்து வேலையோடு, மூளையில் செரடோனின், நோரட்ரினலின் என்ற இரசாயனங்களின் அளவையும் ட்ரமடோல் மாற்றுகிறது. அதனால் திடீரென்று நிறுத்துபவர்களில் சிலருக்கு, தாதியம்மா சொன்னவற்றுக்கு மேலாகக் கடுமையான பதற்றம், குழப்பம், இல்லாததைக் காண்பது போன்றவையும் வரலாம். பிரெகாபலினையும் அதே நாளில் நிறுத்தினால் சிக்கல் இரட்டிப்பாகும். அதைத் திடீரென்று விடுவதால் வலிப்புக்கூட ஏற்படலாம்.

மறுபக்கத்தில், எடுக்கும் அளவு கூடுவதிலும் ஆபத்து இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ட்ரமடோலின் ஒரு நாளைய உச்ச அளவு 400 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குளிசைகள் எட்டு. அதைத் தாண்டும்போது வலிப்பு வரும் சாத்தியம் கூடுகிறது. மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு சேர்த்து எடுத்தால் அந்த எல்லைக்கு உள்ளேயும் வரலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு மட்டிக்களிச் சந்தியைக் கடக்கும் ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பிரெகாபலின், பதற்றத்தைக் குறைக்கத் தரும் டயசிபாம், சாராயம் ஆகியவற்றுள் எது சேர்ந்தாலும் மூச்சு மந்தமாகும். தட்டி எழுப்பியும் எழும்பாமல், வழக்கத்துக்கு மாறான குறட்டையோடு, உதடுகள் நீலம் பாரித்துக் கிடந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

எங்கள் கடை மேசைக்கு இந்தப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது சில அடையாளங்கள் வீட்டாருக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. ஒரு மாதத்துக்கு எழுதியது முடியும் முன்பே மீண்டும் வருவார்கள். மூலத்துண்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லிப் பிரதியை நீட்டுவார்கள். வெளியூர் போகிறேன், கொஞ்சம் கூடத் தாருங்கள் என்பார்கள். வேறு கம்பனியின் அதே மருந்தைக் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். வைத்தியரின் துண்டு இன்றி விற்கக் கூடாத மருந்து இது. அதைப் பழைய பிரதிக்குக் கொடுக்கும் கடைகள் இருப்பது எங்கள் தொழிலுக்கே அவமானம் என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ட்ரமடோலைக் குறைக்கிறோம் என்று டைக்குளோபினாக் என்ற வேறு வகை நோக் குளிசையை அள்ளிப் போடாதீர்கள். அது பழக்கத்தை உண்டாக்காது என்பது உண்மை. ஆனால் குடலில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கும். எங்கள் மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கத்தில் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் அல்லல்படுகின்றன என்பது யாவரும் அறிந்தது. பரசிட்டமோல் கூட 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. கொடீனோ ட்ரமடோலோ கலந்த குளிசைகளுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது என்பதால் அதையும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

உவர்மலை வாசகி:

அம்மாவுக்கும் மருந்தாளர் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. காலில் விறைப்போ காய்ச்சலோ இல்லை. காலையில் உடம்பு உளைகிறது என்றுதான் அவரும் சொல்வார், இடுப்பு என்று சொல்வதில்லை. ஒளித்து வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் வைத்தியரிடம் வா என்று அழைத்தால் வர மறுக்கிறார். உள்ளதைச் சொன்னால் போதைப்பொருள் பாவிப்பவர் என்று எழுதிப் பொலிசுக்கு அறிவித்துவிடுவார்கள், வண்டி ஓட்டும் அனுமதிப்பத்திரமும் போய்விடும் என்று பயப்படுகிறார். அவரிடம் இதை எப்படித்தான் பேசுவது?

சாம்பல்தீவு:

சகோதரி, உங்கள் கணவரின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். விபத்தொன்றில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்த பின் எனக்கும் இந்தக் குளிசையைத் தந்தார்கள். எலும்பு பொருந்திய பின்னும் என்னால் அதை விட முடியவில்லை. காலையில் குளிசை போடாமல் மனிதர்களின் முகத்தைப் பார்க்கவே முடியாது என்ற நிலைமைக்கு வந்தேன். நீ அடிமையாகிவிட்டாய் என்று வீட்டில் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டேன்.

அதை மாற்றியவர் எனது மூத்த அக்கா. குளிசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரவில் நீ நித்திரை கொள்வதில்லை, உனக்கு வேர்க்கிறது, உன் உடம்புக்கு என்னவோ செய்கிறது, அதைக் காட்டிவிட்டு வருவோம், நானும் கூட வருகிறேன் என்றார். அதை என்னால் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை. நீங்களும் அந்தப் போயா நாளிலிருந்தே பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். அன்று தான் பட்ட துன்பத்தை அவர் மறந்திருக்க மாட்டார். அது மீண்டும் வரும் என்ற பயம்தான் அவரைக் கடை கடையாக அலைய வைக்கிறது. அந்தத் துன்பம் வராமலே விடுவதற்கு வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாலே பாதி மறுப்புப் போய்விடும். எனது வைத்தியர் என்னைத் திட்டவில்லை, பொலிசையும் கூப்பிடவில்லை. எவ்வளவு எடுக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்து எந்த வாரத்தில் எத்தனை என்று எழுதத் தொடங்கினார்.

இங்கிலாந்திலிருந்து, மயக்க மருந்து வைத்தியர்:

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்து இங்கே பணியாற்றுபவன். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோவைக் கவனிப்பதே எனது நாளாந்த வேலை என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கணவரின் பயம் பற்றி முதலில். அவருக்கு இந்த மருந்தை எழுதித் தந்தவர் வைத்தியர். அதிலிருந்து வெளிவர உதவி கேட்டு அவர் வைத்தியரிடம் போவது நோயாளி சிகிச்சைக்குப் போவதே. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இத்தகைய மருந்துப் பாவனைக் கோளாறுக்கு 11 அடையாளங்கள் கூறப்பட்டு, ஓராண்டுக்குள் அவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் எனப்பட்டுள்ளது. எண்ணியதைவிடக் கூடுதலாகவோ நீண்ட காலமாகவோ எடுத்தல், குறைக்க முயன்று முடியாமற் போதல், அதைத் தேடுவதிலேயே நேரம் கழிதல், ஏக்கம், வேலையும் குடும்பமும் பாதிக்கப்படுதல் என அவை நீள்கின்றன. வைத்தியரின் மேற்பார்வையில் எழுதியபடியே எடுப்பவருக்கு, அளவு போதாமற் போவதும் நிறுத்தினால் உடம்பு படுத்துவதும் அக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. தாதியம்மா காட்டிய வேறுபாட்டைத்தான் அந்த வகைப்பாடும் காட்டுகிறது. உங்கள் கணவருக்கு எது, எந்த அளவில் என்பதை நேரில் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும்.

இது அபூர்வமான ஒன்று என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முதல் தடவை இவ்வகை மருந்தை எட்டு நாட்களோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் 13.5 வீதமானோரும், 31 நாட்களோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் 29.9 வீதமானோரும் ஓராண்டின் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் எல்லோரும் அடிமைப்பட்டவர்கள் என்று அந்த ஆய்வு கூறவில்லை. ஆனால் முதல் மாதத்தில் மருந்தை முறையாக முடித்து வைப்பது எவ்வளவு முக்கியமானது என்பது அதில் தெரிகிறது. ட்ரமடோல் மென்மையானது, பழக்கமாகாது என்ற எண்ணம் எங்கள் துறையிலும் நீண்ட காலம் இருந்தது. பிரித்தானியா 2014இலும் இந்தியா 2018இலும் அதைக் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் வரிசைக்குக் கொண்டுவந்தன.

குறைக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறும். சில மாதங்களாக எடுத்தவருக்கு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் குறைப்பது பலருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. கடினமான வாரத்தில் அதே அளவில் நின்றுகொள்ளலாம். மெதுவாக வெளிவிடும் வகைக் குளிசையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. ட்ரமடோல், பிரெகாபலின் இரண்டையும் வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகவே குறைப்போம். குறைத்து முடித்த பின் பழைய அளவு குளிசையை ஒரே தடவையில் எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு அதைத் தாங்காது. மூச்சு நின்று உயிரிழப்போரில் பலர் இவ்வாறு இடைவெளிக்குப் பின் மீண்டும் எடுத்தவர்களே.

வண்டியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிசையின் அளவு மாறிக்கொண்டிருக்கும் வாரங்களிலும், பகலில் தூங்கி விழும் நிலைமை இருக்கும் வரையிலும் அவர் ஆட்களை ஏற்றி ஓட்டக் கூடாது. வருமானம் தடைப்படும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதில் என்னால் வேறு விதமாக எழுத முடியாது.

உப்புவெளி, ஓய்வுபெற்ற தாதி:

மகள், எங்கே போவது என்று குழம்ப வேண்டாம். கண்டிக்குத் திரும்பிப் போக முடியாவிட்டால் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கே போகலாம். வெளிநோயாளர் பிரிவில் விபரத்தைச் சொன்னால் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள்; கட்டணம் இல்லை. மனநலப் பிரிவு என்றதும் அவர் முகம் சுளிக்கக்கூடும். இந்த மருந்துகளைக் குறைத்துப் பழக்கமானவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க விரும்பினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபையின் 1927 இலக்கமும் இருக்கின்றன. உடற்பயிற்சிச் சிகிச்சையையும் அன்றே கேளுங்கள். இடுப்பைத் தாங்கும் தசைகள் வலுப்பெறாமல் குளிசையை மட்டும் குறைத்தால், மீண்டும் வண்டியில் ஏறி அமர்ந்த முதல் வாரத்திலேயே முதுகு நோகத் தொடங்கிவிடும்.

கண்டியில் தந்த நோய் நிர்ணய அட்டையையும் இப்போது எடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டைகளையும், வெற்று அட்டைகள் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். அவர் விரும்பினால் வைத்தியரோடு தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் அவர் உள்ளபடி சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் வைத்தியர் குறைக்கத் தொடங்குவார். எட்டு எடுப்பவர் வெட்கத்தால் நான்கு என்று சொன்னால், முதல் நாளிலேயே பாதியாகக் குறைந்து, போயாவில் பட்ட அதே துன்பத்தைப் படுவார். அதன் பின் அவரை மறுபடியும் கிளினிக்குக்கு அழைத்து வருவது கடினம். வரிசையில் காத்திருக்கும்போதே இதை அவரிடம் சொல்லி வையுங்கள்.